மொக்கைப் படத்தை முழுசாகப் பார்த்துக் கலாய்க்கும் எம்எஸ்டி3கே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி 'மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000'. ரசிகர்கள் சுருக்கமாக எம்எஸ்டி3கே என்பார்கள். யாரிடம் இதைப் பற்றிச் சொன்னாலும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. சிலர் முதல் எபிசோடிலேயே குழம்பி விட்டுவிடுகிறார்கள், சிலர் நிறையப் பார்த்துவிட்டு வந்து நுணுக்கமாகக் கேட்கிறார்கள். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு ஒரே இடத்தில் பதில் எழுதிவிட்டேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் சில பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

இது என்ன ஷோ? ரெண்டு வரியில சொல்லுங்க.

ஒரு மனிதனும் இரண்டு ரோபோ பொம்மைகளும் தியேட்டரில் உட்கார்ந்து ஒரு மட்டமான பழைய படத்தைப் பார்க்கிறார்கள். நாமும் அதே படத்தைத்தான் பார்க்கிறோம், திரைக்கு அடியில் அவர்கள் மூவரும் கருப்பு நிழலாகத் தெரிவார்கள். படம் ஓட ஓட கமெண்ட் அடித்துக்கொண்டே இருப்பார்கள். நம்மூர்த் தியேட்டரில் பின்வரிசையில் உட்கார்ந்து படத்தை ஓட்டுகிற ஆள் உண்டே, அந்த ஆள் நிஜமாகவே பெரிய திறமைசாலியாக இருந்தால் எப்படி இருக்கும், அதுதான் இது.

இதற்கு ஒரு கதையும் உண்டு. பைத்தியக்கார விஞ்ஞானிகள் ஒருவனைப் பிடித்து 'சாட்டிலைட் ஆஃப் லவ்' என்ற விண்கலத்தில் அடைத்து, வாராவாரம் ஒரு மொக்கைப் படத்தை அனுப்பிப் பார்க்க வைக்கிறார்கள். எந்தப் படம் மனித மூளையைக் கலங்கடிக்கும் என்று கண்டுபிடிப்பது அவர்கள் திட்டம். தனிமை தாங்காமல் அவன் ரோபோக்களைச் செய்து துணைக்கு வைத்துக்கொள்கிறான். இதில் லாஜிக் தேட வேண்டாம், ஆரம்பப் பாட்டிலேயே 'இது வெறும் ஷோதான், கண்டுக்காதீங்க' என்கிற மாதிரி சொல்லிவிடுகிறார்கள்.

யார் ஆரம்பிச்சது, எப்போ?

ஜோயல் ஹாட்ஜ்சன், விண்கலத்தில் அடைபட்ட அந்த மனிதனாக முதலில் நடித்தவரும் அவரே. மேடையில் விசித்திரமான பொருட்களை வைத்துக்கொண்டு காமெடி செய்தவர், லெட்டர்மேன் நிகழ்ச்சியிலும் சாட்டர்டே நைட் லைவிலும் தோன்றியிருக்கிறார். பிறகு அதையெல்லாம் விட்டுவிட்டு மினியாபோலிஸ் நகரத்துக்குத் திரும்பி, வேண்டாத சாமான்களைச் சேர்த்து ரோபோ சிற்பங்கள் செய்து விற்றுக்கொண்டிருந்தார். அந்த ஊரில் கேடிஎம்ஏ என்று சின்ன உள்ளூர் சேனல், அதில் ஜிம் மாலன் தயாரிப்பு மேலாளர். இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் இது. முதல் ஒளிபரப்பு 1988 நவம்பர் 24, அமெரிக்காவில் அன்று தேங்க்ஸ்கிவிங் பண்டிகை.

காசே இல்லாமல் ஆரம்பித்த நிகழ்ச்சி. சேனலின் கையில் ஏற்கெனவே இருந்த படங்களைத்தான் எடுத்து ஓட்டினார்கள். நேயர்கள் போன் செய்து குரல் பதிவு விடலாம் என்று ஒரு நம்பர் கொடுத்து, வந்ததை நிகழ்ச்சியிலேயே போட்டுக் காட்டினார்கள். அடுத்த வருடமே, 1989-ல், காமெடி சேனல் என்ற தேசிய கேபிள் சேனலுக்குப் போய்விட்டது. அதுதான் பின்னால் காமெடி சென்ட்ரல் ஆனது.

அந்த நிழல் எப்படி வருது? தியேட்டர்லயே போய் எடுக்கறாங்களா?

இல்லை. இந்த உத்திக்கு அவர்கள் வைத்த பெயர் ஷேடோராமா. வெளிச்சமான வெள்ளைப் பின்னணிக்கு முன்னால் கருப்பு அட்டையில் வெட்டிய நாற்காலி வரிசை. அதில் தொகுப்பாளர் உட்கார்ந்திருப்பார், பொம்மைகளை இயக்குபவர்கள் காமிராவுக்குத் தெரியாமல் கீழே பதுங்கியிருப்பார்கள், எல்லோரும் படத்தைத் தனியாக ஒரு மானிட்டரில் பார்ப்பார்கள். பிறகு வெள்ளையாக இருக்கும் இடத்தில் மட்டும் படம் தெரிகிற மாதிரி மின்னணு முறையில் சேர்த்துவிட்டால் கருப்பு உருவங்கள் அப்படியே நிற்கும். தியேட்டர் காட்சிக்கென்றே குரோ பொம்மையின் இன்னொரு பிரதியை முழுக்கக் கருப்படித்து வைத்திருந்தார்கள்.

இந்த ஏற்பாட்டின் அழகு என்னவென்றால் நிழலும் நடிக்கும். படத்தில் யாராவது கை நீட்டினால் ஜோயல் எழுந்து அந்தக் கையைப் பிடித்துக் குலுக்குவார், பெயர் போடும்போது குரோ எழுத்துக்குக் குறுக்கே எட்டிப் பார்க்கும்.

ரோபோ எல்லாம் யாரு யாரு? ரெண்டும் ஒரே மாதிரி பேசுதே.

குரோ தங்க நிறம், நீளமான அலகு. அந்த அலகு பிளாஸ்டிக் பௌலிங் பின்னைப் பிளந்து செய்தது, கண்கள் பிங்பாங் பந்து. டாம் சர்வோ சிவப்பு, தலை கண்ணாடி உருண்டை, அது சூயிங்கம் உருண்டை விற்கும் மெஷினிலிருந்து வந்தது. இரண்டும் ஜோயல் கையால் செய்தவை. கப்பலை ஓட்டும் ஜிப்ஸி, படம் பிடிக்கும் கேம்பாட் என்று இன்னும் இரண்டு உண்டு, அவை தியேட்டருக்குள் பெரும்பாலும் வராது.

குணம் வேறு வேறு. சர்வோவுக்குத் தன் குரல்மேல் அபார கர்வம், எல்லாம் தெரிந்த பெரிய மனுஷ தோரணை, வாய்ப்புக் கிடைத்தால் பாடிவிடும். குரோ துடுக்கு, யாரையும் விடாது. நாலைந்து எபிசோட் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு யார் பேசுவது என்று சொல்லிவிடலாம். ஆனால் குரல் நடிகர்கள் மாறியிருக்கிறார்கள்: சர்வோவுக்கு முதலில் ஜே. எல்விஸ் வைன்ஸ்டீன், இரண்டாம் சீசனிலிருந்து கெவின் மர்ஃபி. குரோவுக்கு முதல் ஏழு சீசன் ட்ரேஸ் போலியூ, எட்டாவதிலிருந்து பில் கார்பெட்.

வாய்க்கு வந்ததைப் பேசறாங்களா, எழுதி வச்சுதானா?

உள்ளூர் சேனல் காலத்தில் பெரும்பாலும் வாய்க்கு வந்ததுதான், அதனால்தான் அந்த எபிசோடுகளில் நீளமான மௌனங்கள் இருக்கும். தேசிய சேனலுக்குப் போனதும் முழுக்க எழுதி, ஒத்திகை பார்த்து எடுக்க ஆரம்பித்தார்கள். எழுத்தாளர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள், தோன்றியதையெல்லாம் சொல்வார்கள், ஒருவர் நேரக் குறிப்போடு கணினியில் அடித்துக்கொண்டே இருப்பார். அப்புறம் வடிகட்டி, மறுபடி பார்த்து, கதாபாத்திரத்தின் வசனத்தை மறைக்காத இடைவெளியில் ஒவ்வொரு கமெண்டையும் பொருத்துவார்கள். அப்படி அடித்துக்கொடுக்க வந்தவர்தான் மைக் நெல்சன். அவரே தலைமை எழுத்தாளராகி, பின்னால் நிகழ்ச்சியின் முகமாகவும் ஆனார்.

இந்த உழைப்பைத்தான் நான் எல்லோரிடமும் வலியுறுத்திச் சொல்வேன். வெளியானபோதே யாரும் சீந்தாத ஒரு படத்தின் ஒவ்வொரு நொடியையும், மூலையில் தெரியும் பூந்தொட்டி வரைக்கும், இவ்வளவு பேர் இத்தனை முறை உற்றுப் பார்த்திருக்கிறார்கள். எடுத்தவரே இத்தனை கவனமாகப் பார்த்திருப்பாரா என்று தெரியாது. நிகழ்ச்சி இத்தனை வருடம் நின்றதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இந்தக் கவனம்தான். மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் திட்ட எல்லோராலும் முடியும்.

நடுநடுவுல படத்தை நிறுத்திட்டு நாடகம் போடறாங்களே, ஓட்டிவிட்டுப் பார்க்கலாமா?

ஓட்டலாம், ஆனால் முதல் சில எபிசோடுகளில் வேண்டாம். படத்தில் பார்த்ததை வைத்துத்தான் அந்தக் காட்சிகளும் இருக்கும், அதோடு ஒன்றரை மணி நேரம் மட்டமான படத்தையே பார்த்தால் அலுத்துவிடும், மூச்சு வாங்க இடம் வேண்டும். ஆரம்ப சீசன்களில் ஜோயலும் விஞ்ஞானிகளும் மாறி மாறிக் கோமாளித்தனமான கண்டுபிடிப்புகளைக் காட்டுவார்கள், அது ஜோயலின் பழைய மேடைக் காமெடியின் தொடர்ச்சி. விஞ்ஞானிகளில் முக்கியமானவரான டாக்டர் ஃபாரஸ்டரும் அவருடைய எடுபிடி டிவிஸ் ஃபிராங்கும் வரும் காட்சிகளை மட்டும் எப்போதும் விடாதீர்கள்.

நம்ம லொள்ளு சபா மாதிரிதானே?

இல்லை. விஜய் டிவியின் லொள்ளு சபா தெரிந்த படத்தை எடுத்துக்கொண்டு தாங்களே திரும்ப நடித்துக் கிண்டல் செய்தது. சிரிப்பு வர வேண்டுமென்றால் மூலப்படம் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். எம்எஸ்டி3கேயில் படம் கையே படாமல் அப்படியே ஓடும், நேரத்துக்காக வெட்டுவது தவிர. உங்களுக்கு அந்தப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

எந்த எபிசோட்ல ஆரம்பிக்கலாம்?

என் சிபாரிசு 'ஸ்பேஸ் ம்யூட்டினி'. 1988-ல் தென்னாப்பிரிக்காவில் எடுத்த விண்வெளிப் படம். விண்கலத்தின் வெளித்தோற்றக் காட்சிகள் 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' தொடரிலிருந்து எடுத்து ஒட்டியவை, உள்ளே போனால் அப்பட்டமான தொழிற்சாலை, செங்கல் சுவரும் ஜன்னல் வழியாக வெயிலும் தெரியும். கொல்லப்பட்ட ஒரு பெண் அதிகாரி அடுத்த காட்சியிலேயே தன் இருக்கையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பார். செத்துப்போன பெண்ணுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தது உங்கள் நல்ல மனசு என்று கேப்டனைப் பார்த்து ஒரு கமெண்ட் வரும் பாருங்கள். கட்டுமஸ்தான கதாநாயகனுக்குப் படம் முழுக்கப் புதுப்புதுப் பட்டப்பெயர் வைத்துக்கொண்டே போவார்கள், அதற்கு அமெரிக்க விஷயம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முழு எபிசோடுக்கு நேரமில்லை என்றால் குறும்படம் ஏதாவது பாருங்கள். பல எபிசோடுகளில் படத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கும் கம்பெனிக்கும் எடுத்த பழைய பிரசாரக் குறும்படங்கள் வரும். 1940-ல் எடுத்த 'எ கேஸ் ஆஃப் ஸ்பிரிங் ஃபீவர்' அதில் ஒன்று. சோபா ரிப்பேர் செய்யும் ஒருவன் எரிச்சலில் இனி ஸ்பிரிங்கையே கண்ணால் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட, ஒரு ஸ்பிரிங் பூதம் வந்து உலகத்தில் உள்ள ஸ்பிரிங்கையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடும், கதவு மூடாது, போன் சுற்றாது. பத்து நிமிடத்துக்குள் இந்த நிகழ்ச்சி உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

'மேனோஸ்' பத்தி ஏன் எல்லாரும் இவ்வளவு பேசறாங்க?

'மேனோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்', 1966. டெக்சாஸ் மாநிலம் எல் பாஸோவில் உரம் விற்றுக்கொண்டிருந்த ஹெரால்ட் வாரன் என்பவர், படம் எடுப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று திரைக்கதாசிரியர் ஸ்டர்லிங் சிலிஃபன்டிடம் பந்தயம் கட்டி எடுத்தது. செலவு சுமார் 19,000 டாலர். காமிராவைச் சாவி கொடுத்துத்தான் ஓட்ட வேண்டும், ஒரு தடவை சாவி கொடுத்தால் 32 விநாடிதான் ஓடும். எந்த ஷாட்டும் அதற்கு மேல் நீளாது. ஒலிப்பதிவு கிடையாது, பின்னால் நாலைந்து பேர் உட்கார்ந்து எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் கொடுத்தார்கள், சின்னக் குழந்தைக்கும் பெரியவர் ஒருவர்தான் பேசியிருக்கிறார். ராத்திரிக் காட்சிகளில் விளக்குக்கு வரும் விட்டில் பூச்சிகள் நடிகர்கள் முகத்துக்கு முன்னால் பறக்கும். துப்பாக்கிச் சத்தம் கேட்டு இரண்டு போலீஸ்காரர்கள் காரிலிருந்து இறங்கி இரண்டு எட்டு வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று திரும்பப் போய் ஏறிக்கொள்வார்கள், ஏனென்றால் விளக்கு வெளிச்சம் அவ்வளவு தூரத்துக்குத்தான் எட்டும். ஆரம்பத்தில் கார் போய்க்கொண்டே இருக்கும், வயல், மேடு, மறுபடி வயல். அங்கே பெயர்கள் போட வேண்டியது, போடவில்லை.

எல் பாஸோவில் முதல் காட்சி போட்ட பிறகு ஊர் மறந்துவிட்ட படம் இது. 1993 ஜனவரியில் எம்எஸ்டி3கே எடுத்துப் போட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்த எபிசோடில் படத்தை அனுப்பிய விஞ்ஞானிகளே மன்னிப்புக் கேட்பார்கள். அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம்: 2011-ல் பென் சோலவே என்பவர் கையில் படத்தின் 16 மிமீ பிரதி கிடைத்தது, மக்களிடம் பணம் திரட்டி அதைச் சுத்தம் செய்து 2015-ல் ப்ளூரேயில் கொண்டுவந்தார்கள். குழந்தையாக நடித்த ஜாக்கி நேமன் ஜோன்ஸ் அந்த அனுபவத்தைப் புத்தகமாகவே எழுதினார். கேலி செய்யப்பட்டதால் பிழைத்த படம் என்று இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் இதில் ஆரம்பிக்காதீர்கள். பழக்கமில்லாதவர்களுக்கு அந்த மந்தகதி தாங்காது.

மோசமான படம்னா போதுமா? எதை வச்சுத் தேர்ந்தெடுக்கறாங்க?

மோசம் மட்டும் போதாது. வசனத்துக்கு நடுவே இடைவெளி வேண்டும், கதை ஓரளவு பின்தொடர முடிய வேண்டும், படம் எடுத்தவர் நிஜமாகவே நல்ல படம் எடுக்க முயன்றிருக்க வேண்டும். இந்த மூன்றாவதை நான் ரொம்ப முக்கியம் என்பேன். வேண்டுமென்றே மோசமாக எடுத்த படத்தில் கலாய்க்க ஒன்றும் மிச்சமிருக்காது. 'ரோபோ மான்ஸ்டர்' படத்தில் கொரில்லா உடைக்கு மேல் நீர்மூழ்கும் ஆளின் தலைக்கவசம் மாதிரி ஒன்றை மாட்டி வேற்றுக்கிரக அரக்கன் என்று காட்டுவார்கள். 'தி ஜயன்ட் ஸ்பைடர் இன்வேஷன்' படத்தில் ராட்சதச் சிலந்தி என்பது வோக்ஸ்வேகன் பீட்டில் காருக்கு மேல் பொய் ரோமம் போர்த்தியது. இரண்டு படமும் முகத்தில் சிரிப்பே இல்லாமல் எடுத்தவை.

மோசமான படங்களுக்கே பேர்போன இயக்குநர் எட் வுட்டின் 'பிளான் 9' கட்டாயம் இருக்கும் என்று பலர் தேடுகிறார்கள். டிவி நிகழ்ச்சியில் அது வரவே இல்லை. அவருடைய 'பிரைட் ஆஃப் தி மான்ஸ்டர்' வந்திருக்கிறது, அதைப் பாருங்கள்.

பாதி ஜோக் புரியவே இல்லை. எனக்கு மட்டும்தானா?

அமெரிக்கர்களுக்கே எல்லாம் புரிவதில்லை. எழுதியவர்கள் மினசோட்டா, விஸ்கான்சின் பக்கத்து ஆட்கள், அந்த ஊர்க் கடை, பழைய விளம்பரம், உள்ளூர் ஃபுட்பால் என்று தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் தயங்காமல் போட்டார்கள். சிலந்திப் படம் விஸ்கான்சினில் எடுத்தது. அந்த எபிசோட் 1997 மே மாதம் வந்தது, அதற்குச் சில மாதம் முன்புதான் அந்த மாநிலத்து அணியான கிரீன் பே பேக்கர்ஸ், அமெரிக்க ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை ஜெயித்திருந்தது. சிலந்திக்குப் பயந்து ஊர் ஜனம் அலறி ஓடும்போது இவர்கள் பேக்கர்ஸ் ஜெயித்த கொண்டாட்டம் என்று கூச்சல் போடுவார்கள். தேதி தெரிந்தால் சிரிப்பு, தெரியாவிட்டால் வெறும் சத்தம்.

கமெண்டுகள் மழை மாதிரி வந்துகொண்டே இருக்கும், ஒன்று போனால் சில விநாடியில் அடுத்தது. புரியாததை நிறுத்தித் தேடிக்கொண்டிருந்தால் ஓட்டம் கெட்டுவிடும், விட்டுவிட்டுப் போங்கள்.

ஜோயலா மைக்கா? யாரு பெஸ்ட்?

இந்தச் சண்டை ரசிகர்களிடையே முப்பது வருடமாக ஓடுகிறது. 1993 அக்டோபரில் 'மிட்சல்' எபிசோடோடு ஜோயல் போனார், அடுத்த எபிசோடிலிருந்து மைக் நெல்சன். காமிரா முன்னால் நிற்பது தனக்குப் பிடிக்கவில்லை என்று ஜோயல் அப்போது சொன்னார், திரைப்படம் எடுப்பது தொடர்பாக ஜிம் மாலனோடு ஒத்துப்போகவில்லை என்பதையும் பின்னால் பேட்டிகளில் சொன்னார்.

ஜோயல் தூக்கக் கண்ணோடு, அடங்கிய குரலில், ரோபோக்களுக்கு அப்பா மாதிரி. எல்லை மீறினால் அதட்டுவார். மைக் அவற்றோடு சேர்ந்து அடிவாங்கும் அண்ணன் மாதிரி, கமெண்டும் இன்னும் வேகமாக, இன்னும் கூர்மையாக வரும். மனசுக்கு இதமாக ஏதாவது வேண்டும் என்றால் ஜோயல், வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும் என்றால் மைக், இது என் கணக்கு. ஆனால் ஜோயல் காலத்திலேயே தலைமை எழுத்தாளர் மைக்தான் என்று மேலே சொன்னேனே, அதை நினைவில் வைத்தால் சண்டையின் பாதி காற்று இறங்கிவிடும்.

எத்தனை தடவை நின்னு எத்தனை தடவை வந்தது? குழப்பமா இருக்கு.

சுருக்கமாக: 1988 உள்ளூர் சேனல், 1989 முதல் 1996 வரை காமெடி சேனல், காமெடி சென்ட்ரல். நடுவில் 1993-ல் பீபாடி விருது. 1996-ல் தியேட்டருக்கு ஒரு திரைப்படம், அதில் கலாய்க்கப்பட்டது 1955-ன் 'திஸ் ஐலன்ட் எர்த்'. காமெடி சென்ட்ரல் நிறுத்தியதும் ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்தார்கள். 1997-ல் சைஃபை சேனல் எடுத்துக்கொண்டு 1999 வரை மூன்று சீசன் நடத்தியது. அந்தச் சேனல் அறிவியல் புனைவு, திகில் வகைப் படங்கள்தான் வேண்டும் என்றதால் குறும்படங்கள் ஏறக்குறைய மறைந்துவிட்டன, அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

பிறகு நீண்ட இடைவெளி. 2015-ல் ஜோயல், மக்களிடம் பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் பணம் கேட்டார், 48,270 பேர் சேர்ந்து 57 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அதுவரை அந்தத் தளத்தில் எந்தப் படத்துக்கும் வீடியோ திட்டத்துக்கும் அவ்வளவு சேர்ந்ததில்லை. 2017, 2018-ல் நெட்ஃபிளிக்ஸில் இரண்டு சீசன், ஜோனா ரே தொகுப்பாளர். மறுபடி பணம் திரட்டி 2022-ல் கிஸ்மோப்ளெக்ஸ் என்ற சொந்தத் தளத்தில் 13 எபிசோட். 2023-ல் கேட்ட தொகை சேரவில்லை.

புது சீசன் எல்லாம் பழசு மாதிரி இல்லைங்கறாங்களே?

2017 சீசனில் கமெண்டுகள் நெருக்கியடித்து வருகின்றன என்பது உண்மை. படம் மூச்சுவிட இடம் கொடுத்தால்தான் கமெண்ட் விழும், அந்த இடம் அங்கே குறைவு. ஆனால் 2022 சீசனில் அந்தக் குறை நன்றாகவே சரியாகியிருக்கிறது. எமிலி மார்ஷ் தொகுக்கும் எபிசோடுகளை யாரும் பேசுவதே இல்லை, அவசியம் பாருங்கள்.

குழந்தைகளோட பார்க்கலாமா?

பெரும்பாலும் பார்க்கலாம். பச்சையான பேச்சு கிடையாது, இரட்டை அர்த்தம் அங்கங்கே உண்டு. அரக்கன் படங்களும் 1964-ன் 'சான்டா கிளாஸ் கான்கர்ஸ் தி மார்ஷியன்ஸ்' மாதிரியானவையும் நல்ல தேர்வு. கோல்மன் ஃபிரான்சிஸ் படங்கள் வேண்டாம், சாவும் வெறுமையுமாக இருக்கும்.

எங்க பார்க்கலாம்?

அவர்களுடைய அதிகாரபூர்வ யூடியூப் சேனலில் நிறைய எபிசோடுகள் முழுதாக இருக்கின்றன. ஷௌட் ஃபாக்டரி வெளியிட்ட டிவிடி தொகுப்புகளில் இன்னும் நிறைய.

சில எபிசோட் மட்டும் எங்கயுமே கிடைக்கலையே, ஏன்?

படத்தின் உரிமை வேறு ஆளிடம் இருப்பதால். டிவியில் ஒளிபரப்ப வாங்கிய அனுமதி குறிப்பிட்ட காலத்துக்குத்தான், டிவிடி போட வேண்டுமென்றால் படத்தின் சொந்தக்காரரிடம் மறுபடி பேச வேண்டும். தங்கள் படம் கேலியோடு வெளிவருவதைச் சிலர் விரும்புவதில்லை, சிலர் எட்டாத விலை சொல்வார்கள். 2006-ல் வந்த பத்தாவது டிவிடி தொகுப்பில் 'காட்ஸில்லா வெர்சஸ் மெகலான்' இருந்தது, உரிமைச் சிக்கலில் தொகுப்பையே கடையிலிருந்து திரும்ப எடுத்து, வேறு படம் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள்.

உரிமையே இல்லாத படங்களும் நிறைய. அமெரிக்கச் சட்டப்படி 1964-க்கு முன் வெளியான படத்தின் காப்புரிமையை 28-வது வருடத்தில் புதுப்பிக்க வேண்டியிருந்தது, சின்னக் கம்பெனிகள் பல அதைச் செய்யவில்லை, படம் பொதுச்சொத்தாகிவிட்டது. 'மேனோஸ்' கதை வேறு, பிரதியில் போட வேண்டிய காப்புரிமை அறிவிப்பையே போடாமல் விட்டுவிட்டார்கள்.

ஆரம்ப சீசன்ல கடைசியா 'டேப்பைச் சுத்துல விடுங்க'ன்னு போடறாங்க. அப்போ பைரசி ஓகேவா?

அந்தக் காலத்தில் பல ஊர்களில் இந்தக் கேபிள் சேனலே வராது. பார்த்தவர்கள் விஹெச்எஸ்ஸில் பதிவு செய்து பார்க்காதவர்களுக்குக் கொடுத்தார்கள், தயாரித்தவர்களே பெயர் ஓடும் இடத்தில் அதைச் சொல்லி ஊக்கப்படுத்தினார்கள். கேடிஎம்ஏ காலத்து எபிசோடுகளில் பெரும்பாலானவை இன்றைக்குப் பார்க்கக் கிடைப்பதே அப்படிப் பதிவு செய்து வைத்த ரசிகர்களால்தான். காசு கொடுத்தால் முறையாகக் கிடைக்கும் எபிசோடுக்கு இதைச் சாக்காகச் சொல்வது சரியில்லை என்பது என் கருத்து. எங்குமே விற்காத எபிசோடை ரசிகர்கள் பாதுகாப்பது வேறு விஷயம்.

படம் எடுத்தவங்க மனசு புண்படாதா? பாவம் இல்லையா?

புண்பட்டிருக்கிறது. வெர்மான்ட் மாநிலத்தில் சின்னப் பட்ஜெட்டில் எடுத்த 'டைம் சேசர்ஸ்' படக்குழுவினர் தங்கள் எபிசோடைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள், சிலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சிலருக்குக் கோபம். 'ஹாப்காப்ளின்ஸ்' இயக்குநர் ரிக் ஸ்லோன் தானே படத்தை அனுப்பிக் கலாய்க்கச் சொன்னவர்.

என் நிலைப்பாடு இது: நிகழ்ச்சி பெரும்பாலும் எடுக்கப்பட்ட வேலையைக் கிண்டல் செய்கிறது, அப்போது நன்றாக இருக்கிறது. நடிகரின் உடம்பைக் கிண்டல் செய்யும் இடங்களும் இருக்கின்றன, 'மிட்சல்' எபிசோடில் ஜோ டான் பேக்கரின் உடல்வாகை வைத்து அடித்த கமெண்டுகளில் சில தேவையே இல்லாதவை. 'மேனோஸ்' படத்தில் டோர்கோவாக நடித்த ஜான் ரேனால்ட்ஸ் படம் வெளியாகும் முன்பே தற்கொலை செய்துகொண்டவர், அது தெரிந்த பிறகு உப்பிய முழங்காலோடு அவர் தள்ளாடி நடக்கும் காட்சிகளை என்னால் முன்பு போலச் சிரித்துப் பார்க்க முடிவதில்லை. அதற்காக அந்த எபிசோடே வந்திருக்கக் கூடாது என்றும் சொல்ல மாட்டேன். வந்திராவிட்டால் அவர் நடித்ததே யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்தியப் படம், தமிழ்ப் படம் ஏதாவது கலாய்ச்சிருக்காங்களா?

தமிழ்ப் படம் இல்லை. ஆனால் மயிரிழையில் ஒரு தொடர்பு உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இந்த நிகழ்ச்சிக்குத் தீனி போட்ட கம்பெனிகளில் ஒன்று ராபர்ட் லிப்பர்ட் நடத்திய லிப்பர்ட் பிக்சர்ஸ். உடும்பு மாதிரியான இகுவானாவைக் காட்டி டைனோசர் என்ற 'கிங் டைனோசர்' அவர்கள் படம்தான். சீசர் ரொமேரோ நடித்த 'லாஸ்ட் கான்டினன்ட்' படமும் அவர்களுடையது. அதில் ஆட்கள் பாறை ஏறுவார்கள், ஏறிக்கொண்டே இருப்பார்கள், ஜோயலும் ரோபோக்களும் துவண்டு போகும் வரைக்கும் ஏறுவார்கள்.

அதே லிப்பர்ட் கம்பெனி சேலம் மாடர்ன் தியேட்டர்ஸோடு சேர்ந்து 1952-ல் 'தி ஜங்கிள்' என்ற படத்தை இந்தியாவில் எடுத்தது, தமிழில் 'காடு'. அதிலும் அதே சீசர் ரொமேரோ. பழங்காலத்து மம்மத் யானைகள் வரும் கதை, நம்மூர் யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்தி மம்மத் ஆக்கியிருப்பார்கள். எம்எஸ்டி3கே இதைத் தொடவில்லை, ஏன் தொடவில்லை என்று நான் அங்கலாய்க்காத நாளில்லை.

ரிஃப்ட்ராக்ஸும் இதுவும் ஒண்ணா?

ஆட்கள் ஒன்று, கம்பெனி வேறு. மைக் நெல்சன் 2006-ல் தொடங்கியது, கெவின் மர்ஃபியும் பில் கார்பெட்டும் அதில் சேர்ந்துகொண்டார்கள். ரோபோவும் விண்கலமும் கிடையாது. உரிமைச் சிக்கலுக்கு அவர்கள் கண்ட வழி அருமை: கமெண்டை மட்டும் ஆடியோவாக விற்றார்கள், படத்தின் டிவிடியை நாம் சொந்தமாக வாங்கி இரண்டையும் ஒன்றாக ஓட்டிக்கொள்ள வேண்டும். அதனால் எந்தப் பெரிய ஸ்டுடியோ படத்தையும் தொட முடிந்தது.

நாங்களே பழைய தமிழ்ப் படத்தை வச்சு இப்படிப் பண்ணி ஏத்தலாமா?

ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். இந்தியச் சட்டத்தில் திரைப்படத்துக்குக் காப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 1964-ல் வந்த படம் 2025 தொடக்கத்தில் அதிலிருந்து வெளியே வந்துவிட்டது. ஆனால் பாட்டும் கதை வசனமும் எழுதியவர் காலமான பிறகும் 60 வருடம் பாதுகாப்பில் இருக்கும், நம் படங்களில் பாட்டு இல்லாத இடம் ஏது, அங்கேதான் மாட்டுவீர்கள். அதனால் மேலே சொன்ன ரிஃப்ட்ராக்ஸ் வழியில் ஆடியோவை மட்டும் செய்வதுதான் இப்போதைக்கு வம்பில்லாத வழி.

செய்வதாக இருந்தால் படத்தைக் குறைந்தது மூன்று முறை முழுசாகப் பாருங்கள். முதல் முறை தோன்றுவது எல்லோருக்கும் தோன்றுவதுதான். வசனத்தின் மேல் பேசாதீர்கள், ஒரு ஆள் மட்டும் பேசாமல் இரண்டு மூன்று பேராகச் செய்யுங்கள், நடிகர் நிறத்தையும் உடம்பையும் விட்டுவிடுங்கள். இயக்குநர் எந்த இடத்தில் உண்மையிலேயே கஷ்டப்பட்டிருக்கிறார் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த இடத்தில் கொஞ்சம் வாயை மூடி நேயர்களைப் படத்தைப் பார்க்க விடலாம்.